ஐந்தருவியில் அழித்த கட்டம்

என் ஓரகத்தி போனைத் திறந்தா எனக்கு வயிறு எரியும். அவ புருஷன், அதாவது என் கொழுந்தன், வாங்கிக் குடுத்த போன் ஒண்ணும் பெரிசு இல்ல. என்னுதும் அதே மாடல்தான். எரிச்சலெல்லாம் உள்ள இருந்த அந்த முகப்புப் பக்கத்தைப் பாத்துத்தான்.

ரெண்டு பேரும் குரூப் ஃபோர் பரீட்சைக்கு ஆன்லைன்ல ஒரே கோர்ஸ் சேந்திருந்தோம். அந்தத் தளத்துல நுழைஞ்சதும் வருத முதல் பக்கத்தை நம்ம இஷ்டத்துக்கு அடுக்கிக்கலாம். விட்ஜெட்டுன்னு போட்டிருக்கும், நாங்க கட்டம்னு சொல்லுவோம். நாள்காட்டிக்கு ஒரு கட்டம், படிச்ச பாடத்துக்கு ஒண்ணு, வரப்போற தேர்வுக்கு ஒண்ணு. அழுத்திப் பிடிச்சு இழுத்தா இடம் மாறும். மூலையில இருக்குத பெருக்கல் குறியைத் தொட்டா நீக்கவான்னு கேக்கும், ஆமான்னா போயிரும். அவ பக்கத்துல மேல தேர்வுக் கட்டம், அதுக்குக் கீழ பரீட்சைக்கு இன்னும் எத்தனை நாள்னு ஒரு எண்ணு, அதுக்கும் கீழ ஒரு பச்சைக் கோடு. விடாம படிச்ச நாளுக்கெல்லாம் அந்தக் கோடு நீளும். எல்லாம் அஞ்சு நிமிஷத்துல செஞ்சதாம். கூசாம சொல்லுதா.

நானும் ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் பூரா உக்காந்து பாத்தேன். நாள்காட்டி ரெண்டு வந்து நின்னுச்சு. தேர்வுக் கட்டத்தை மேல தூக்கப் போயி பெருக்கல் குறியைத் தொட்டுட்டேன், கேட்டதுக்குப் பதறிப்போயி ஆமான்னும் தொட்டுட்டேன், அது போயே போச்சு. அவகிட்ட கேட்டா ஒரு நொடியில திரும்பக் கொண்டாந்திருப்பா. கேப்பேனா நான்? இந்த வீட்டுக்கு வந்து எனக்குப் பத்து வருஷம், அவளுக்கு மூணு. தேர்வுப் பட்டியல் வேணும்னா மூணு பக்கம் உள்ள போயி பாத்துக்கிடலாம்னு விட்டுட்டேன்.

வெறும் அழகுல வந்த போட்டின்னா அதோட போயிருக்கும். தென்காசியிலேயே சனி ஞாயிறு நேரடி வகுப்பு வைக்கப் போறோம், அதுக்கு ஒரு நுழைவுத் தேர்வு உண்டுன்னு கோர்ஸ் நடத்துதவங்க சொல்லிட்டாங்க. தேதி கிடையாது. என்னைக்காவது ஒரு நாள் காலையில தேர்வுக் கட்டத்துல வந்து நிக்கும், அன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள எழுதிரணும். எங்க அத்தை உடனே தீர்ப்பு சொல்லிட்டாங்க. "ரெண்டு பேரும் கெளம்பிட்டா கடையில இருக்குத ஆம்பளைங்களுக்குச் சோறு யாரு பொங்கி அனுப்புதது? பிள்ளையை யாரு பாக்குதது? மார்க் கூட வாங்குதவ போகட்டும். மத்தவ அடுத்த வருஷம் பாத்துக்கிடட்டும்." எங்க வீட்டு அடுத்த வருஷம் எப்ப வரும்னு எனக்குத் தெரியும். நான் பி.எட். சேருததும் அடுத்த வருஷம்னு சொல்லித்தான் நின்னு போச்சு.

சாரல் நல்லா விழுந்த ஒரு நாள் எல்லாரும் ஐந்தருவிக்குப் போனோம். ஆம்பளைங்க அவங்க பக்கம் போயிட்டாங்க. பொம்பளைங்க பக்கத்துல வழக்கம்போல ஒருத்தி குளிக்க, ஒருத்தி பையைக் காக்கணும். என் மகளை இடுப்புல தூக்கிக்கிட்டு அவ முதல்ல போனா. பை, துண்டு, ரெண்டு போன் எல்லாம் என் மடியில.

அவ போன் பூட்டைத் திறக்கத் திரையில எப்படிக் கோடு இழுக்கணும்னு எனக்குத் தெரியும். என்னுது அவளுக்குத் தெரியும். ஒரே வீட்டுல அதெல்லாம் யாரும் மறைக்கதில்ல. சும்மா பாப்போமேன்னுதான் திறந்தேன், சத்தியமா. பச்சைக் கோடு ஒரு நாள் விடாம ஓடியிருந்துச்சு. அருவிக்குக் கெளம்புத அன்னைக்கும் விடியுமுன்ன எந்திரிச்சுப் படிச்சிருக்கா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. தேர்வுக் கட்டத்து மூலையில விரலை வச்சேன். நீக்கவான்னு கேட்டுச்சு. ஆமான்னு தொட்டேன். கீழ இருந்த கட்டமெல்லாம் மேல ஏறிக்கிச்சு. அங்கன ஒண்ணு இருந்த தடமே இல்ல.

அடுத்து என் முறை. தண்ணிக்குள்ள நின்னும் எனக்குக் குளிச்ச மாதிரியே இல்ல. தப்புன்னு தோணுச்சான்னு கேட்டா, கண்டுபிடிச்சிருவாளோன்னுதான் தோணுச்சு. வெளிய வந்து பாத்தா, அவ ஈரத் தலையில துண்டைச் சுத்திக்கிட்டு என் போனை நோண்டிக்கிட்டிருக்கா.

"அக்கா, என் போன்ல தேர்வுக் கட்டம் எப்படியோ காணாமப் போயிட்டு. திரும்ப வச்சேன். உங்களுதுல பாத்தா அது இல்லவே இல்ல, உங்களுக்கும் வச்சுட்டேன். நாள்காட்டி ரெண்டு கெடந்துச்சு, ஒண்ணை எடுத்துட்டேன்."

"கை பட்டிருக்கும்"னேன்.

"பட்டிருக்கும்"னா. வழியில நேந்திரங்கா சிப்ஸ் வாங்கிக்கிட்டு வீட்டுக்கு வந்தோம்.

என் முகப்பு இப்ப அவ முகப்பைவிட நல்லா இருந்துச்சு. அதுக்கும் எரிஞ்சுச்சு. அவ கை பட்டாத்தானே என்னுது வெளங்குதுன்னு.

நாலஞ்சு நாள்ல தேர்வு வந்துட்டு. அன்னைக்கு மகளுக்குக் காய்ச்சல், எனக்குப் படிப்பு நெனைப்பே இல்ல. மத்தியானம் மருந்துக்கு நேரம் பாக்கப் போனை எடுத்தவ, கைப்பழக்கத்துல தளத்தைத் திறந்தேன். மேலேயே சிவப்பு எழுத்துல நின்னுச்சு. அவ வைக்காம இருந்திருந்தா நான் பாத்திருக்கவே மாட்டேன், எந்தப் பட்டியலுக்கும் உள்ள போயிருக்க மாட்டேன். அவ காலையிலேயே எழுதி முடிச்சிட்டு அடுப்படியில நின்னா. எது வந்தாலும் ஓடி வந்து அக்கான்னு சொல்லுதவ, அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லல. மகளைத் தூங்கப் போட்டுட்டு நானும் எழுதினேன்.

எனக்கு எழுபத்திரண்டு மார்க். அவளுக்கு எழுபது.

ஜெயிச்சா எரிச்சல் அடங்கும்னு நெனைச்சேன், அடங்கல. அவ மூஞ்சியில ஒரு வாட்டமும் தெரியல. தோத்த பிறகும் அந்தப் பச்சைக் கோடு ஓடுதா, நின்னு போச்சான்னு பாக்கணும்னு அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. முதல் சனிக்கிழமை வகுப்புக்குக் கெளம்புத நேரம், அவ போன் அலமாரியில கெடந்துச்சு. எடுத்துப் பழைய பூட்டுக் கோட்டை இழுத்தேன். போன் அதிர்ந்துச்சு, திறக்கல. மறுபடியும் இழுத்தேன். அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும்.

மறைக்க முடியாம, "ஏட்டி, பூட்டுக் கோட்டை மாத்திட்டியா?"ன்னேன்.

அவ என் மகளுக்குச் சோறு ஊட்டிக்கிட்டிருந்தா. நிமிந்து பாக்கல.

"ஐந்தருவிக்குப் போயிட்டு வந்த அன்னைக்கே மாத்திட்டேங்கா"ன்னா. "நேரமாவுது, நீங்க போயிட்டு வாங்க. பிள்ளையை நான் பாத்துக்கிடுதேன்."