இரண்டு வாசல் வைத்த சிரட்டை

மீன் தொட்டி வேண்டுமென்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. ஆலங்குளத்திலிருந்து சிமெண்டு லோடு ஓட்டும் என் மகன், சிவகாசியில் இறக்கிவிட்டு வரும் வழியில் வாங்கிவந்து பெஞ்சில் வைத்தான். தங்கச்சிக்கு என்றான். என்னோடு இருக்கும் என் இளைய மகள் அப்போது உள்ளறையை விட்டு வருவதையே நிறுத்தியிருந்தாள்.

அவள் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் பக்கத்து அறை வெடித்தது. அவள் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை, காது மட்டும் இரைந்துகொண்டே இருந்தது. ஆனால் தினமும் அவளோடு சோற்றைப் பகிர்ந்து தின்ற தோழி அந்த அறையில் இருந்தாள். அவள் திரும்பவில்லை. அதற்குப் பிறகு என் மகள் சாப்பிடுவாள், குளிப்பாள், கேட்டதற்குத் தலையாட்டுவாள். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நானும் குடைந்து கேட்கவில்லை. பல் கொட்டும் வரைக்கும் அந்தப் பட்டாசு மருந்துத் தூளிலேயே உட்கார்ந்து வேலை பார்த்தவள் நான். என்ன கேட்கக்கூடாது என்று எனக்குத் தெரியும்.

தீபாவளி சீசன் நெருங்கிக்கொண்டிருந்தது. தெருமுனையில் கம்பெனி வேன் நிற்கும்போதெல்லாம் போர்மேன் என்னைப் பார்த்து, பிள்ளை எப்போது வரும் என்று கேட்பார். காது வலி என்று நானும் தள்ளிக்கொண்டே வந்தேன். அனுப்பவும் பயம். வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தால் அப்படியே முடங்கிவிடுவாளோ என்று அதுவும் பயம்.

மீன்கள் வந்த பிறகு தொட்டியின் முன்னால் வந்து உட்கார ஆரம்பித்தாள். நீள வால் வைத்த ஆரஞ்சு மீன் ஒன்று. அதன் வாலையே கடித்துக் கடித்து விரட்டிக்கொண்டிருந்தது, வரிபோட்ட பெரிய மீன் ஒன்று. தொட்டியில் கண்ணாடியும் தண்ணீரும் தவிர ஒன்றுமில்லை. ஆரஞ்சு மீன் மூலையில் ஒட்டிக்கொண்டு நடுங்கியது.

“ஒளிய இடமே இல்லம்மா அதுக்கு” என்றாள் ஒருநாள். அவளாக வாய் திறந்து முதலில் சொன்னது அதுதான். அன்றைக்கே மீனுக்கு ஒளிய ஓர் இடம் செய்ய இறங்கினேன்.

மகன் பட்டாசுக் கம்பெனிக் காகிதக் குழாய்களை எங்கிருந்தோ பொறுக்கிக்கொண்டு வந்தான். “ஏலே, மீனை வளக்கப் போறியா, கொல்லப் போறியா?” என்று திருப்பி அனுப்பினேன். பசை கரையும், மருந்து ஒட்டியிருந்தால் தண்ணீரே விஷமாகும். கடையில் விற்கிற சாயம் பூசிய பொம்மை வீட்டிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. நல்ல தேங்காய்ச் சிரட்டையாக ஒன்று எடுத்து, நாரைச் சுரண்டி, தண்ணீரில் நிறம் இறங்காமல் போகும் வரை திரும்பத் திரும்ப வேகவைத்தேன். மிதக்காமல் அமிழும்வரை ஊறப்போட்டேன். விளிம்பில் ஒரு வாசல் உடைத்துக் கவிழ்த்து வைத்தேன். ஆரஞ்சு மீன் உள்ளே போய்விட்டது.

என் நாத்தனார் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். “மீனு வாங்குறதே பாக்கத்தான். நீ அதையும் ஒளிச்சு வைக்கிற, மகளையும் ஒளிச்சு வைக்கிற” என்றாள். காபித்தண்ணி கொடுத்து அனுப்பினேன். ஆனால் அந்தச் சொல் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

மறுநாள் காலையில் நான் அடுப்படியில் இருந்தபோது மகள் அலறினாள். ஓடிப்போய்ப் பார்த்தால், தோள்வரை நனைந்த கையில் சிரட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வரி மீன் அந்த ஒரே வாசலை மறித்து நின்று, உள்ளே இருந்ததைக் கடித்திருக்கிறது. ஆரஞ்சு மீனின் வாலில் பாதி இல்லை. உயிர் மட்டும் இருந்தது.

“ரெண்டு வாசல் வேணும்மா” என்றாள். “ஒண்ணை மறிச்சா ஒண்ணுல ஓடணும்ல. அன்னைக்குப் பின்வாசல்ல பெட்டியை அடுக்கி வச்சிருந்தாக. அவ அந்தப் பக்கம்தான் ஓடுனா.”

அவள் கையிலிருந்த சிரட்டையை வாங்கிக்கொண்டேன்.

பட்டாசு அறைக்கு எதிரெதிராக வாசல் வைப்பது ஓடித் தப்பத்தான். வாசலைப் பார்த்து உட்கார், வாசல் நடையில் எதையும் வைக்காதே என்பதுதான் வேலைக்குப் போகிற பிள்ளைக்குச் சொல்லும் முதல் பாடம். ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் நடை துடைத்தாற்போல் இருக்கும். ஆர்டர் நெருக்கினால், முடிந்த சரக்கு எங்கே போகும்? நடைக்குத்தான் வரும்.

ஆக்சா பிளேடால் எதிர்ப்பக்கம் இன்னொரு வாசல் அறுத்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, என் உதட்டில் உரசிப் பார்த்தேன். மீன் வால் உதட்டைவிட மெல்லிசு. வெந்நீரில் அலசி வைத்தோம். வரி மீன் ஒரு பக்கம் வந்தால் ஆரஞ்சு மீன் மறுபக்கம் போனது. வரி மீன்தான் சுற்றிச் சுற்றி வந்து ஏமாந்தது. “போக்கத்த பய” என்று அதை ஏசினாள் மகள்.

அந்த வாரத்திலேயே வேன் எங்கள் வீட்டு முன்னால் வந்து ஹாரன் அடித்தது. எனக்கு முன்னால் அவள் வெளியே போனாள், தலையை வாரி முடிந்துகொண்டு. வேலைக்குக் கிளம்பிவிடுவாளோ என்று நானும் பின்னாலேயே ஓடினேன்.

“அண்ணே, இப்பப் பின்வாசலைக் காலியா வச்சிருக்கீகளா?” என்று கேட்டாள்.

போர்மேன் டயரைப் பார்த்தார். “சீசன் தாயி. சரக்கை வேற எங்கன வைக்க?”

“அப்ப நான் வரல.” திரும்பி உள்ளே வந்துவிட்டாள்.

பெரியம்மா, நீங்களாவது புத்தி சொல்லக்கூடாதா என்று போர்மேன் என் பக்கம் திரும்பினார். “அவ கேட்டதுக்குப் பதிலைச் சொல்லிட்டு எங்கிட்டப் பேசுங்க” என்றேன். வேனுக்குள் இருந்தவர்கள் எங்கள் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். எதிர்வீட்டுப் பிள்ளை ஜன்னலோரம் இருந்து போர்மேனையே பார்த்துக்கொண்டிருந்தது. வேன் கிளம்பியது. அதிலேதான் அந்தப் பிள்ளையும் போனது. போகாமல் என்ன செய்யும்?

காலண்டர் பைண்டிங்கில் மகளுக்கு வேலை கேட்டிருக்கிறேன். சொல்லி அனுப்புகிறேன் என்றார்கள், இன்னும் சொல்லவில்லை. சாயங்காலமானால் அவள் வாசலில் போய் நின்றுகொள்கிறாள். எதிர்வீட்டுப் பிள்ளை வேனிலிருந்து இறங்கித் தன் வீட்டுக்குள் போகும்வரை உள்ளே வருவதில்லை.