கண் திறந்தாலும் கை எடுக்காதே

ஒரு உயிரின் விலை எங்கள் தெருவில் ஒரு ஜோடிச் செருப்பு. நின்றுபோன இதயத்தை மின்சாரத்தால் உலுக்கி எழுப்பும் மெஷின் ஒன்றை வாங்க வசூல் செய்தபோது, வீட்டுக்கு அவ்வளவுதான் விழுந்தது. "எனக்கு நெஞ்சு கல்லு மாதிரி இருக்கு, பாதிதான் தருவேன்" என்று அதிலும் பேரம் பேசியவர்கள் உண்டு.

நான் சொல்லப்போவது நடந்தது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு நடந்தது. கடைக்குள் அவர் சொல்லாத பொய் இல்லை. கடையை விட்டு இறங்கிவிட்டால் ஒரு பொய்கூட வராது அவருக்கு. இதை அவர் என்னிடம் சொன்னது நடுத்தெருவில் நின்று.

பேய்க்கு இருட்டு வேண்டும் என்று யார் சொன்னது? அன்று சுள்ளென்று வெயில். மணி மூன்று.

யாருக்காவது இதயம் நின்றுவிட்டால், பயிற்சி எடுத்த எங்கள் தெருத் தொண்டர்களின் போன் அலறும். முதலில் போய்ச் சேர்பவர் மூச்சு இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் மார்பை அமுக்க வேண்டும். இரண்டாவது ஆள் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். மெஷின் கண்ணாடிக்கடை வாசலில் தொங்கியதால் இரண்டாவது ஆள் பெரும்பாலும் நம் கடைக்காரர்தான். நான்கு முறை ஓடியிருக்கிறார். நான்கு பேருமே பிழைக்கவில்லை.

கடையில் லென்ஸ் தேய்க்கும் மச்சானுக்கு, அதாவது மனைவியின் தம்பிக்கு, இது போதாதா?

"அத்தான், மெஷினை வெச்சுட்டு மலர்வளையத்தைத் தூக்கிட்டு ஓடுங்க. ஒரு நடை மிச்சம்."

"வாயைக் கழுவுடா. ஒரே ஒருத்தர் பொழைக்கட்டும், அப்புறம் பேசிக்கறேன் உன்னை."

மச்சானும் ஒரு காலத்தில் தொண்டராக இருந்தவர்தான். முழங்கால் வலி என்று போன வருஷம் நழுவிக்கொண்டார்.

போன் அலறியது. மூன்றாவது சந்து, அறைகளை வாடகைக்கு விடும் ஹவுஸ் ஓனரின் கட்டடம், இரண்டாவது மாடி. இந்த ஆளையாவது பிடித்து நிறுத்திவிட வேண்டும் என்று கடைக்காரர் படிகளை இரண்டிரண்டாகத் தாவினார்.

வாடகைக்கு ஆள் வராமல் பூட்டிக் கிடந்த அறை அது. இப்போது கதவு விரியத் திறந்திருந்தது. தரையில் ஹவுஸ் ஓனர் மல்லாந்து கிடந்தார். பக்கத்தில் ஓர் ஆள் மண்டியிட்டு, கையை நேராக நீட்டி அமுக்கிக்கொண்டிருந்தார். கச்சிதமான அமுக்கல். வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"மூச்சு?" என்றார் கடைக்காரர்.

"மெஷினைப் போடு."

முதலில் வந்தவர் மூச்சைப் பார்த்திருப்பார். அது அவர் வேலை. கடைக்காரர் நோயாளியின் சட்டையைக் கத்தரித்து, மெஷினின் பட்டைகளை மார்பில் ஒட்டினார். மெஷின் பேசியது: "ஆராயப்படுகிறது. நோயாளியைத் தொட வேண்டாம்." அந்த ஆள் கையைத் தூக்கினார்.

"அதிர்ச்சி தேவையில்லை."

அந்த ஆள் மறுபடி அமுக்கத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று... அப்போதுதான் கடைக்காரருக்கு ஏதோ உறுத்தியது.

மார்பை அமுக்குவது மூட்டை தூக்குவது மாதிரி. இரண்டு நிமிஷத்தில் எருமைக்கும் மூச்சு வாங்கும். இந்த ஆள் நெற்றியில் ஒரு சொட்டு வேர்வை இல்லை. முப்பது வரை எண்ணினார்... நடுவில் ஒருமுறைகூட மூச்சு இழுக்கவில்லை.

சட்டையும் சரியில்லை. பொத்தான் கழன்றிருக்கிறது என்று முதலில் நினைத்தார். இல்லை. கழுத்திலிருந்து அடிவரை நேர்கோடாகக் கத்தரித்திருந்தது. திறந்த மார்பில், வலது தோளெலும்புக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு முடி மழித்திருந்தது.

"மாத்து" என்றார் அந்த ஆள்.

தொண்டர்கள் கை மாற்றிக்கொள்ளும் சொல் அது. கடைக்காரர் யோசிக்கவில்லை. மண்டியிட்டார். அமுக்கினார்.

ஹவுஸ் ஓனர் கண்ணைத் திறந்தார்.

கடைக்காரரின் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. இறுக்கிப் பிடித்தது. உதடு அசைந்தது. "வி... டு..."

கடைக்காரரின் கை தயங்கியது.

"கண்ணைத் திறந்தா என்ன?" காதோரம் குரல். "சொல்லிக்குடுத்தது மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. இந்த வருஷப் பயிற்சியில் நர்ஸம்மா புதிதாகச் சேர்த்த பாடம் அது. அமுக்குகிற அமுக்கலிலேயே சிலருக்கு நினைவு வரும், கையைத் தட்டிவிடுவார்கள், ஏமாந்து நிறுத்திவிடாதே என்று.

அமுக்கினார்.

பிடித்த கை பிறாண்டியது. அமுக்கினார்.

ஏதோ 'மடக்' என்றது. அமுக்கினார்.

அந்தக் கண்கள் அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலே... பின்னால் இருப்பவரைப் பார்த்தன.

காதோரம் எண்ணும் குரல். ஆனால் மூச்சுக்காற்று படவில்லை.

மணிக்கட்டிலிருந்து கை நழுவியது.

"போதும்" என்றது குரல். "கையை எடு."

மாடிப்படியில் ஆம்புலன்ஸ்காரர்களின் பூட்ஸ் சத்தம். கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

யாரும் இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சுற்றிவளைக்காமல் கேட்டார். "இவர் மயங்கித்தான் விழுந்திருக்கார். உடைஞ்ச விலா எலும்பு குத்தித்தான் உயிர் போயிருக்கு. இதயம் ஓடிட்டுத்தான் இருந்திருக்கு, உங்க மெஷின்லயே பதிவாகியிருக்கு. மூச்சுப் பாத்தது யாரு?"

தனக்கு முன்னால் வந்த ஆள் என்றார் கடைக்காரர். அழைப்பை ஏற்று வந்த தொண்டர் அவர் ஒருவர்தானாம். அவசர எண்ணுக்குக் கூப்பிட்டது ஓர் ஆண் குரலாம். விலாசத்தைச் சொல்லிவிட்டு வேறு எதற்கும் பதில் தராமல் எண்ணிக்கொண்டே இருந்ததாம்.

மறுநாள் கடையில் எல்லாவற்றையும் மச்சானிடம் கொட்டினார். மழித்த இடத்தைச் சொன்னபோது மச்சான் கையிலிருந்த லென்ஸ் கீழே விழுந்து உடைந்தது.

"வலது பக்கமா, அத்தான்?"

"ஆமா. ஏன்டா?"

"அது... நான் மழிச்சது."

"என்னடா உளர்றே?"

"போன வருஷம் நீங்க வெளியூர் போயிருந்தீங்களே, அப்ப. அதே அறையில குடியிருந்தவருக்கு இதயம் நின்னுபோச்சு. ஓனரும் தொண்டர்தானே, அவர் அமுக்கினாரு. பட்டை ஒட்டலேன்னு நான் மழிச்சேன். ஒரு ஷாக்கும் குடுத்தாச்சு. அமுக்கிட்டே இருக்கப்ப கண்ணைத் திறந்துட்டாரு, அத்தான். பொழைச்சுட்டாருன்னு நெனச்சு நான்தான் சொன்னேன், 'போதும், கையை எடுங்க'ன்னு. ரெண்டு பேரும் கை குலுக்கிச் சிரிச்சோம். திரும்பிப் பாத்தா... கண்ணு அப்படியே நின்னுடுச்சு. அதுக்கப்புறம்தான் நர்ஸம்மா அந்தப் பாடத்தையே சேத்தாங்க."

கடைக்காரரின் மணிக்கட்டில் நகம் கீறிய இடம் எரிந்தது.

"என்னை ஒண்ணும் பண்ணாதுல்ல, அத்தான்?" என்றார் மச்சான்.

வாயால் பேசியே ஊரை விற்றுவிடக்கூடியவர் கடைக்காரர். அந்தக் கேள்விக்கு ஒரு சின்னப் பொய்கூட வரவில்லை.

மெஷினை இன்னும் கடை வாசலிலிருந்து மாற்றவில்லை. போன் அலறினால் அதைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியவரும் அவரேதான். கையை எடுத்தவர் கணக்கு தீர்ந்தது. எடுக்கச் சொன்னவர் கணக்கு பாக்கி.