கறுப்புக்கும் கறுப்புக்கும் பிறந்த சிவப்பு

1. சிவப்புக் குட்டி

அறுபதுகளில் நான் தெற்கு அந்தமானில் கால்நடை ஸ்டாக்மேன், மாட்டு டாக்டருக்கு உதவியாள். சௌல்தாரியில் வண்டி இழுக்க ஆணும் பெண்ணுமாக இரண்டு கறுப்புக் குதிரைகள் வைத்திருந்த கான்ட்ராக்டர் அண்ணாச்சி ஒருநாள் அவசரமாக ஆள் அனுப்பினார். சினைக் குதிரைக்குப் பிரசவத்தில் சிக்கலோ என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஒரு சிக்கலும் இல்லை. குட்டி எழுந்து நின்று பால் குடித்துக்கொண்டிருந்தது. நல்ல சிவப்பு.

"பாத்தியளா ஸ்டாக்மேன் சார்? கறுப்புக்கும் கறுப்புக்கும் செவப்பு பொறக்குமா? மிலாவட்!"

பாலில் தண்ணீர் கலந்தால் இந்தத் தீவில் எல்லோரும் சொல்லும் இந்திச் சொல் அது. கலப்படம் என்று அர்த்தம். பிறந்த குட்டியைப் பார்த்துச் சொல்கிற சொல்லா?

குதிரைகளைப் பார்த்துக்கொண்ட சைஸ் கிஷன் ஓரமாக நின்றான். "வேற குதிரகிட்ட விடல சாப். கசம் சே, சத்தியமா." அவன் தாத்தா மதராஸிலிருந்து வந்த கைதி, பாட்டி வடக்கே எங்கிருந்தோ வந்த கைதி. கிஷன் தீவிலேயே பிறந்த லோக்கல்.

"இவன் ஜாதியே மிலாவட். இவன் கைல குடுத்தா குட்டி வேற எப்படி இருக்கும்?" என்றார் அண்ணாச்சி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இந்தப் பக்கம் வேற ஆண் குதிரை எங்க இருக்கு அண்ணாச்சி? கப்பல்ல டிக்கெட் எடுத்து வந்துட்டுப் போச்சா?"

பயிற்சியில் படித்ததைச் சொன்னேன். நிறத்துக்குத் தாயிடமிருந்து ஒரு பங்கு, தகப்பனிடமிருந்து ஒரு பங்கு. கறுப்புப் பங்கு ஒன்று இருந்தாலே சிவப்பு வெளியே தெரியாமல் அடங்கிக் கிடக்கும். இரண்டு பக்கமிருந்தும் சிவப்பே வந்து சேர்ந்தால் குட்டி சிவப்பு. இரண்டு சிவப்புக்குக் கறுப்பு பிறந்திருந்தால் நானே சந்தேகப்பட்டிருப்பேன்.

"அப்ப பொட்டக் குதிரைலதான் கோளாறுங்கிய?"

"ரெண்டுலயும் இருந்தாத்தான் வரும். உங்க ஆண் குதிரைலயும் இருக்கு."

அங்கேதான் காரியம் கெட்டது. அந்த ஆண் குதிரையை அவரே மெயின்லாண்டுக்குப் போய்ப் பார்த்துப் பிடித்து வந்திருந்தார். அசல் கறுப்பு என்று பஜார் முழுக்கப் பீற்றிக்கொண்டவர். அதற்குள் சிவப்பு இருக்கிறது என்று ஒப்புக்கொள்வதைவிடக் கிஷனைக் குற்றவாளியாக்குவது அவருக்குச் சுலபமாக இருந்தது. அன்றே வேலையைவிட்டு நிறுத்தினார். கொட்டிலை ஒட்டி அவன் குடும்பம் இருந்த அறையையும் காலி செய்ய வைத்தார்.

2. கறுப்புக் குட்டி

அதே ஜோடிக்கு அடுத்த குட்டி எலிச் சாம்பலாகப் பிறந்தது. பால்மயிர் உதிர்ந்ததும் மையாகக் கறுத்தது. அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு லட்டு நீட்டினார்.

"இப்ப என்ன சொல்லுதிய? அந்தப் பய போனான், மிலாவட்டும் போச்சு."

நான் லட்டைத் தொடவில்லை. இந்த ஜோடிக்கு நாலில் மூன்று கறுப்பாக வரத்தான் வாய்ப்பு, கிஷன் இருந்திருந்தாலும் இதேதான் பிறந்திருக்கும் என்று கத்தினேன். காதில் வாங்கினால்தானே! சுற்றி நின்றவர்களும் அண்ணாச்சிக்கே தலையாட்டினார்கள். ஒருவன் வாயில் மண்ணைப் போட்டது போதாதென்று, அதற்கு வாயில்லா ஜீவனைச் சாட்சியாக நிறுத்தினார்கள். இன்றும் நினைத்தால் ரத்தம் கொதிக்கிறது.

கிஷன் அப்போது அபர்டீன் பஜாரில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். குதிரை வைத்திருந்த யாரும் அவனைச் சேர்க்கவில்லை. விஷயத்தைச் சொன்னேன்.

"அந்தக் காலா குட்டி உள்ளயும் லால் இருக்குமா சாப்?"

"கறுப்புக்குள்ள செவப்பு இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்."

மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு சிரித்தான். "நாளைக்கு அதுக்கு ஒரு லால் பொறந்தா, அப்ப யாரை நிறுத்துவாரு?"

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் இதை மனதில் வையுங்கள். குட்டியின் நிறம், தாயும் தகப்பனும் உள்ளே வைத்திருப்பதைச் சொல்லும். கொட்டிலில் வேலை செய்கிறவனின் யோக்கியதையைச் சொல்லாது.

எனக்குப் பிறகு சௌல்தாரியைப் பார்த்துக்கொண்ட ஸ்டாக்மேன் ஒருமுறை வந்திருந்தார். கிஷன் கேட்டது நடந்துவிட்டது. அந்தக் கறுப்புக் குட்டி வளர்ந்து, அதற்குச் சிவப்புக் குட்டி பிறந்ததாம். அண்ணாச்சி புது சைஸையும் நிறுத்திவிட்டாராம்.