ஏனுங்க, ஏணி இருக்குதுங்களா?

அப்பாவை மண்ணுக்குக் கொடுத்து இந்த மாதத்தோடு ஓர் ஆண்டு நிறைகிறது. நினைவு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி அம்மா சொன்னபோது, அப்பாவின் நற்குணங்களை ஒன்றன்பின் ஒன்றாக எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முதல் பத்தியிலேயே பேனா நின்றுவிட்டது. அப்பாவைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் வேறெதுவும் எழுத ஓடவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறவள். எதற்கும் ஒரு காரணம் தெரிந்தாக வேண்டும் எனக்கு.

சந்தேகம் இதுதான். எங்கள் சபையிலேயே நல்ல இரும்பு ஏணி இருந்தது. அப்படியிருக்க, கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டுவதற்கு அப்பா ஏன் வருடா வருடம் பக்கத்துச் சபைக்குப் போய் ஏணி இரவல் வாங்கினார்?

முறைப்படி பிறப்பிலிருந்தே வருகிறேன். அப்பா பிறந்தது கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். பெற்றோர் இருவரும் பிறர் தென்னந்தோப்புகளில் கூலி வேலை செய்தவர்கள். பள்ளி விடுமுறைகளில் அப்பாவும் தேங்காய் உரிக்கப் போவார். கடப்பாரை கிழித்த தழும்பு ஒன்று கடைசிவரை இடது உள்ளங்கையில் இருந்தது. "நான் வாங்குன மொதல் பட்டம் இதுதான் கண்ணு" என்று எனக்குக் காட்டிச் சிரிப்பார். மிஷன் விடுதியில் தங்கிப் படித்து, இறையியல் கல்லூரிக்குப் போய், போதகராக அபிஷேகம் பெற்றார். சென்னிமலையில் தறி நெய்யும் குடும்பத்துப் பெண்ணான அம்மாவை மணந்தார். அதன்பிறகு சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றல் வரும். சட்டி பானையைக் கட்டிக்கொண்டு குடும்பமே ஊர் மாறும். ஒரு பள்ளியில் எனக்கு நல்ல தோழி கிடைத்துவிட்டாள் என்றால் மாற்றல் உத்தரவு வரப்போகிறது என்று அர்த்தம். அப்படி ஊர் ஊராகப் போய்க் கடைசியில் போத்தனூர் வந்து சேர்ந்தோம்.

போத்தனூரில் எங்கள் குருமனைக்கு, அதாவது போதகர் குடும்பம் குடியிருக்கும் சபை வீட்டுக்கு, இரண்டு தெரு தள்ளி இரயில் பாதையை ஒட்டி ஒரு தகரக் கொட்டகைச் சபை இருந்தது. அதை நடத்தியவர் பாஸ்டர் மோசஸ். அப்பாவைவிட வயதில் மிகவும் இளையவர். அவர்களும் நாங்களும் வேறு வேறு சபைப் பிரிவினர். எங்கள் ஆராதனையில் மணி அடிக்கும், அவர்களுடையதில் டிரம்ஸ் அடிக்கும். அந்தக் கொட்டகை வாசலில் போய் நின்றுதான் அப்பா குரல் கொடுப்பார்.

"ஏனுங்க, ஏணி இருக்குதுங்களா?"

நானும் தம்பியும் இதைப் பாட்டாகவே பாடிக் கேலி செய்வோம். அம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வராது. பாஸ்டரிடம் இருந்தது மூங்கில் ஏணி. அதில் ஒரு படியைக் கம்பி போட்டுக் கட்டியிருப்பார்கள். "அதுல ஏறி இடுப்ப ஒடிச்சுப்போட்டு வந்தீங்கன்னா யாருங்க பாக்கறது?" என்பார் அம்மா. எங்கள் சபைச் செயலாளருக்கோ கௌரவப் பிரச்சினை. ஒருநாள் வீட்டுக்கே வந்து கேட்டுவிட்டார்.

"ஏனுங்க ஐயா, நம்முளது எத்தனை பெரிய சபை. நாம போயி அந்தத் தகரக் கொட்டகைல ஏணி கேட்டுட்டு நின்னா நல்லாருக்குதுங்களா?"

"நல்லாத்தானுங்க இருக்குது. நம்ம ஏணிய விட அது லேசு" என்றார் அப்பா.

ஏணியைத் திருப்பிக் கொடுக்கும் நாள் எப்போதும் திங்கட்கிழமையாக இருக்கும். ஞாயிறு முழுக்கப் பேசிப் பேசித் தொண்டை கட்டிய போதகர்களுக்கு அன்றுதான் ஓய்வு. கொடுத்துவிட்டு வருகிறேன் என்று போகிறவர் மதியச் சாப்பாட்டுக்குத்தான் திரும்புவார். ஏணி கொடுக்க அரை நாளா என்று நான் அப்போதே யோசித்திருக்கிறேன்.

ஒரு வருடம் பாஸ்டர் மோசஸின் சபையில் ஏதோ மனஸ்தாபம் வந்து விசுவாசிகள் பிரிந்தார்கள். அவர்களில் சில குடும்பங்கள் எங்கள் சபைக்கு வரத் தொடங்கின. செயலாளருக்குச் சந்தோஷம். அப்பா அவர்களை மரியாதையாக உட்காரவைத்து ஒன்றே ஒன்று கேட்டார்: "உங்க பாஸ்டர்கிட்டச் சொல்லிட்டு வந்தீங்களா?" சொல்லவில்லை என்றார்கள். "மொதல்ல அவருகிட்ட ஒரு வார்த்தை பேசிப்போட்டு வாங்க. அப்பறம் எங்க வேணா உக்காந்து சாமி கும்புடலாம்" என்று அனுப்பிவைத்தார். போனவர்களில் சிலர் பாஸ்டரிடமே தங்கிவிட்டார்கள். சிலர் எந்தச் சபைக்கும் போகவில்லை. செயலாளர் அப்பாவிடம் வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய திங்கட்கிழமை நடந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். வெளியூர் வேலையிலிருந்து அரையாண்டு விடுமுறைக்கு வந்திருந்தேன். சமையலறையில் அம்மா முறுக்குப் பிழிய, நான் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஜன்னலில் நின்றால் ஆலயத்தின் பின்பக்கம் முழுவதும் தெரியும், பேசுவதும் கேட்கும். அப்பா ஏணியை வாங்கி வந்திருந்தாரே தவிர, நட்சத்திரத்தை இன்னும் கட்டவில்லை. பாஸ்டர் மோசஸ் வந்து, ஏணி உடனே வேண்டும் என்றார். ஏணி ஆலயத்துக்குப் பின்னால் இருந்தது. எடுத்துத் தரப்போன அப்பாவின் பின்னாலேயே அவரும் கை கொடுக்கப் போனார். அங்கே அவருடைய மூங்கில் ஏணிக்குப் பக்கத்தில் எங்கள் இரும்பு ஏணி சாத்தியிருந்தது.

"இது யாரோட ஏணிங்க ஐயா?"

"சபையோடதுங்க."

"எப்ப வாங்குனீங்க?"

அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. "நான் இந்தச் சபைக்கு வர்றதுக்கு முன்னாடியே இருக்குதுங்க தம்பி."

பாஸ்டரின் முகம் சிவந்துபோனது. "அப்ப வருசா வருசம் என்னையப் பாத்துப் பாவப்பட்டு வந்தீங்களா? ஜனம் இல்லாத பாஸ்டரு, அவங்கிட்ட ஏணியாவது கேப்போம்னு வந்தீங்களா?" அவர் தன் மூங்கில் ஏணியைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு இப்ப எதுக்கு ஏணின்னு நீங்க கேக்கவே இல்லீங்களே ஐயா. சபை போர்ட எறக்கப் போறேனுங்க. திருப்பூர்ல மச்சான் பனியன் கம்பெனில வேலை சொல்லி வெச்சிருக்கான். தை பொறந்ததும் குடும்பத்தோட போயர்றோம்."

அம்மாவின் கையில் முறுக்கு அச்சு அப்படியே நின்றது. இறைப்பணி செய்யும் ஓர் ஊழியக்காரர் தன் கையாலேயே தன் சபையின் பலகையை இறக்கப் போகிறார். ஏணி கொடுக்க வேண்டியவர் அப்பா. இப்போது அப்பா என்ன சொல்வார்? பைபிள் வசனம் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"பாவப்பட்டு வரலீங்க. எனக்குப் பேச ஆளில்லைங்க தம்பி. சபையாரு எல்லாரும் அவங்கவங்க கஷ்டத்தச் சொல்லி, ஜெபம் பண்ணுங்க ஐயான்னு கேக்கறாங்க. எனக்கே சில நாளு ஜெபம் வர மாட்டேங்குதுன்னு அவங்ககிட்டச் சொல்ல முடியுங்களா? ஊட்ல சொன்னா அவ பயந்துக்குவா. இது இன்னொரு ஊழியக்காரனுக்குத்தான் புரியும். சும்மா வந்து உக்காரக் கூச்சமா இருந்துச்சு. அதுக்குத்தானுங்க ஏணி."

நான் அம்மாவைப் பார்த்தேன். இத்தனை வருடம் கூட வாழ்ந்தவர், இதை முதல் முறையாகக் கேட்கிறார். எண்ணெய் புகைய ஆரம்பித்ததை இருவருமே கவனிக்கவில்லை.

"போர்ட எறக்கறது உங்க விருப்பமுங்க. நான் தடுக்க மாட்டேன்" என்றார் அப்பா. "போறதுக்கு முன்னாடி எனக்காக ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போங்க. இனி நான் யாருகிட்டப் போயிக் கேக்கறது?"

சொல்லிவிட்டு அங்கேயே, மண்ணில், முழங்கால் போட்டார். பாஸ்டர் மோசஸ் அவரை எழுப்பப் பார்த்தார். பிறகு அப்பாவின் தலைமேல் கைவைத்து மெல்லிய குரலில் ஜெபித்தார். வார்த்தைகள் எங்கள் காதில் விழவில்லை. இருவரும் அழுதார்கள் என்பது தோள்கள் குலுங்கியதில் தெரிந்தது. கடைசியில் அவர் மூங்கில் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை தெருமுனைக்குப் போய்ப் பலகை இருக்கிறதா என்று பார்த்து வருகிறேன் என்றேன். "வேண்டாங்கண்ணு. அது அவரு முடிவு" என்று அப்பா தடுத்துவிட்டார். மறுநாள் காலை வாசல் கேட் அருகே குரல் கேட்டது. பாஸ்டர் மோசஸ் ஏணியோடு நின்றுகொண்டிருந்தார்.

"ஏனுங்க ஐயா, நட்சத்திரம் இன்னும் கட்டலையாட்ட இருக்குதுங்களே. நான் ஏணியப் புடிச்சுக்கறேன், ஏறுங்க."

அந்தப் பலகை இன்றும் அங்கேதான் இருக்கிறது. பெயிண்ட் மட்டும் புதிது.

அதன்பிறகு அப்பாவுக்குக் கூச்சம் தெளிந்தது. போத்தனூர் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் திங்கட்கிழமை காலைகளில் அவர்கள் இருவரும் உட்கார ஆரம்பித்தார்கள். பிறகு வேறு சபைப் போதகர்களும், பங்குக் கோயில் ஃபாதரும் வந்து சேர்ந்தார்கள். அதற்கு ஒரு பெயர் வைக்கலாமே என்று ஒருவர் சொன்னாராம். "பேரு வெச்சா தலைவர் வேணும், தலைவர் வந்தா சால்வை வேணும், வேண்டாங்க" என்று அப்பா முடித்துவிட்டார். ஊழியக்காரர்கள் சந்தித்தால் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி, "சபையில எத்தனை பேரு வர்றாங்க?" என்பது. அந்தக் கடையில் மட்டும் அதைக் கேட்கக் கூடாது. அப்பா கேட்பது, "நல்லாத் தூங்குனீங்களா?" என்றுதான். ஒருவர் காய்ச்சலில் படுத்தால் இன்னொருவர் போய் அவருடைய ஆராதனையை நடத்திக் கொடுப்பார். டிரம்ஸ் சபையில் அப்பா பிரசங்கம் செய்த ஞாயிற்றுக்கிழமையை அம்மா இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். வாத்தியச் சத்தத்தில் அப்பா இரண்டு முறை பைபிளைக் கீழே போட்டுவிட்டாராம்.

அன்று அப்பா சொன்னது உண்மைதான், ஆனாலும் அது மட்டும்தானா காரணம் என்று எனக்குத் தீரவில்லை. இந்த ஓராண்டாகப் பலரிடம் என் சந்தேகத்தைக் கேட்டுப் பார்த்தேன். இந்தப் பழக்கம் அப்பாவுக்கு எங்கிருந்து வந்தது? அம்மா சொன்ன பதில் ஒரு பழைய சம்பவம். பல்லடம் பக்கம் முதல் சபையில் இருந்தபோது, அப்பாவே ஊழியத்தை விட்டுவிட்டுத் தோப்பு வேலைக்குத் திரும்பிப் போக இருந்தாராம். பெட்டி கட்டிய நாளில், பக்கத்து ஊரில் இருந்த அவர் வயதொத்த போதகர் ஒருவர் ஓடி வந்தார். மனைவிக்குப் பிரசவ வலி, ஞாயிற்றுக்கிழமை என் சபையைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்றார். "அவரு வந்து கேட்டப்பறந்தான் உங்கப்பாவுக்கு உசுரே வந்துச்சு. பொட்டிய அவுத்துப்போட்டுக் கெளம்பீட்டாரு" என்றார் அம்மா.

பாஸ்டர் மோசஸின் பதில் வேறு. "உதவி பண்ண வர்றவங்களக் கண்டா அப்ப எனக்கு எரிச்சலா இருக்கும் அம்மணி. எங்கிட்ட உதவி கேட்டு வந்தது உங்கப்பா ஒருத்தருதான்."

பழைய செயலாளரிடமும் கேட்டேன். அவர் யோசிக்கவேயில்லை. "உங்கப்பாவுக்கு முதுகு வலி. இரும்பு ஏணியத் தூக்க முடியாது. வேறென்ன?"

மூன்றையும் எழுதிவிட்டேன். எது சரி என்று அப்பாவிடம் கேட்க முடியாதது எனக்குப் பெரிய வருத்தம்.

ஓய்வு பெற்ற பிறகும் போத்தனூரிலேயே வீடு பார்த்துக்கொண்டோம். பக்கவாதம் வந்து அப்பாவின் பேச்சு நின்றது. வருகிறவர்கள் எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்று அவருக்காக ஜெபித்தார்கள். அப்பா கண்ணை மூடிக்கொள்வார். வாழ்நாளெல்லாம் பிறருக்காக ஜெபித்த மனிதரிடம் இனி யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்ற நினைப்பே அவரைக் கரைக்கிறதோ என்று எனக்குத் தோன்றும்.

ஒரு மாலை பாஸ்டர் மோசஸ் வந்தார். அவரும் ஜெபிப்பார் என்று நாங்கள் எழுந்து நின்றோம். அவர் கட்டிலருகே முழங்கால் போட்டார். "ஏனுங்க ஐயா, ஒரு உதவி கேட்டு வந்தேனுங்க. எனக்காக ஜெபம் பண்ணுங்க" என்று அப்பாவின் இடது கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டார். அப்பா கண் திறந்தார். உதடுகள் அசையத் தொடங்கின. சத்தம் இல்லை. ஆனால் எங்கள் பழைய அப்பா அந்த முகத்தில் திரும்பி வந்திருந்தார். அப்பாவின் ஜெபங்கள் எப்போதுமே நீளம், இதுவும் நீளமாகத்தான் இருந்தது. எங்கே முடிந்தது என்று தெரியாமல் காத்திருந்தோம். உதடுகள் நின்றதும் அம்மா அவருக்காக "ஆமென்" சொன்னார். அந்த வாரத்திலேயே அப்பா எங்களை விட்டுப் போனார்.

மருத்துவமனையில் மாறி மாறிக் கண்விழித்த சபை வாலிபர்களுக்கும், அடக்க ஆராதனையை ஒன்றாக நின்று நடத்திய எல்லாச் சபைப் போதகர்களுக்கும், டீக்கடையை மூடி வைத்துவிட்டு வந்த கடைக்கார அண்ணனுக்கும், கிணத்துக்கடவு, சென்னிமலை உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இரவு சாப்பாட்டை யாரும் கேட்காமலே அனுப்பிய செயலாளர் ஐயாவுக்குத் தனி நன்றி.

இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் ஊழியக்காரர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். நானும் தம்பியும் வேலைக்காக வெளியூரில் இருக்கிறோம். வீட்டுக்கு எதற்கு என்று கேட்டும் கேளாமல் அம்மா ஒரு புது ஏணி வாங்கி வாசலில் சாத்தி வைத்திருக்கிறார். உங்களிடம் நல்ல ஏணி இருந்தாலும் பரவாயில்லை, ஒரு திங்கட்கிழமை வந்து கேளுங்கள். அம்மா வீட்டில்தான் இருக்கிறார்.