பக்க எண் இல்லாத குமிழி

எங்கள் நாட்டுப் பள்ளிகளில் மாஜோங் தாள் இல்லாமல் குழு வேலை நடக்காது. மாஜோங் என்ற சீன விளையாட்டை ஆடும் மேசையில் விரிப்பதற்கென்று வந்த அகலமான வெள்ளைத் தாள் அது. எப்படியோ வகுப்பறைக்குள் நுழைந்து எங்களைப் போன்ற ஆசிரியர்களின் கையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்தச் சனிக்கிழமை காலை, பிரிக்பீல்ட்சில் ஒரு சங்கத்தின் மாடி அறையில், அப்படி நான்கு தாள்களைத் தரையில் விரித்திருந்தோம். மூன்று தாள்களைச் சுற்றி ஐந்தாம் படிவப் பிள்ளைகள் பதினொரு பேர். நான்காவது தாளின் முன்னால், காவலர் சீருடையில், ஒரு பெண் தனியாகச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் நடுவில் ஒரு வட்டம் போட்டு, அதில் கதாபாத்திரத்தின் பெயரை எழுதி, சுற்றிலும் குமிழி குமிழியாகக் குணங்களை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் அடிக்கோல் கேட்டார். குமிழி வரைபடத்துக்கு அடிக்கோல் எதற்கு என்று எனக்குச் சுள்ளென்று வந்தது.

அவரை நாங்கள் எல்லோரும் கார்டு அக்கா என்றுதான் அழைத்தோம். அதே சாலையில் இருந்த ஓர் அடுக்குமாடியில் காவலர் வேலை. வெள்ளிக்கிழமை இரவுப் பணியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, காலையில் கிள்ளானில் உள்ள வீட்டுக்கு ரயிலேறாமல், சிவந்த கண்களோடு நேராக வகுப்புக்கு வந்துவிடுவார். வயது நாற்பத்து மூன்று. மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவர் இப்போது ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வை வெளியிலிருந்து எழுதுகிறார். பாலர்பள்ளி ஆசிரியராக வேண்டும் என்பது அவருடைய ஆசை. அவர் சேர நினைத்த கல்லூரி மூன்று பாடங்களில் கிரெடிட், அதாவது குறைந்தது சி, கேட்டது. மலாயும் தமிழும் எப்படியும் வந்துவிடும். மூன்றாவதற்கு அவர் நம்பியிருந்தது தமிழ் இலக்கியத்தை, அதாவது என்னை.

அந்த ஆண்டுப் பாட நாவல் ஒரு ரப்பர் தோட்டத்துக் குடும்பத்தின் கதை. கணவன் ஊரே மதிக்கும் தலைவர். மனைவி அதிகம் பேசாதவள். சந்தையில் விற்ற வழிகாட்டி நூல்கள் எல்லாவற்றிலும் அவளுக்கு மூன்று குணங்கள் கொடுத்திருந்தார்கள்: பொறுமைசாலி, கணவன் சொல் தட்டாதவள், தியாக உள்ளம் கொண்டவள். பிள்ளைகள் நாவலைத் திறக்காமலேயே இந்த மூன்றையும் தூக்கத்தில்கூட ஒப்பிப்பார்கள். சிந்திக்க வைப்பதற்காக வந்த வரைபடத்தில் மனப்பாடத்தை வட்டம் வட்டமாக ஊற்றிவைப்பது எங்கள் ஊர்க் கெட்டிக்காரத்தனம். நானும் அதற்குச் சரி போட்டுக்கொண்டிருந்தவள்தான். வண்ணப் பேனா அழகாக இருந்தால் ஒரு நட்சத்திரமும் போட்டிருக்கிறேன்.

அக்காவின் தாளைக் குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு குமிழியிலிருந்தும் ஒரு கோடு இழுத்து, கோட்டின் முனையில் ஒரு கட்டம் போட்டிருந்தார். யார் சொன்னது, யாரிடம், எந்தப் பக்கம். சில கட்டங்கள் காலியாக இருந்தன.

“என்ன அக்கா இது?”

“கார்டு ஹவுஸ் புக்கு மாதிரி டீச்சர். யாரு வந்தா, எந்த வீட்டுக்கு, எத்தன மணிக்கு. மூணும் எழுதலன்னா கேட்டத் தொறக்க மாட்டோம்லா.”

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அடுத்து அவர் சொன்னதைக் கேட்டதும் நின்றுவிட்டது. பொறுமைசாலி என்று நாவலில் மூன்று இடங்களில் வருகிறதாம். இரண்டு முறை கணவன் சொல்கிறான், ஒரு முறை மாமியார். “அவ பொறுமையா இருந்தா யாருக்கு நல்லதோ அவங்க மட்டுந்தான் சொல்றாங்க டீச்சர். சொல் தட்டாதவன்னு போட்டிருக்கு. மகளப் பள்ளிக்கு அனுப்பாதன்னு புருஷன் சொல்றான். இவ என்ன பண்றா? பிள்ளையோட பிறப்புப் பத்திரத்த அரிசி டின்னுக்குள்ள ஒளிச்சு வச்சு, அவன் இல்லாத நாளாப் பாத்துச் சேத்துவிட்டுட்டா. இவளா சொல் தட்டாதவ?” சொல்லிவிட்டு, அந்தக் குமிழியின் மேல் குறுக்காக ஒரு கோடு போட்டார். பக்கத்தில் புதிதாக ஒரு குமிழி வரைந்து, ‘நேரம் பார்த்துக் காத்திருந்தவள்’ என்று எழுதினார். பொறுமை வேறு, காத்திருப்பது வேறு என்று விளக்கமும் சொன்னார். பதினான்கு ஆண்டுகள் அந்தப் பாடத்தை நடத்திய எனக்கு அது தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. தோன்றிய பிறகு நான் செய்ததில்தான் வெட்கம்.

அடுத்த மாதம் சங்கம் ஒரு முன்னோட்டத் தேர்வு வைத்தது. விடைகளைத் திருத்தியவர் சங்கத்தின் கல்வி ஆலோசகர், ஓய்வுபெற்ற ஆசிரியர். கெட்டவர் இல்லை. அவர் தயாரித்த பிள்ளைகள் வாங்கிய ‘ஏ’ தரங்களைச் சேர்த்தால் அறைச் சுவர் போதாது. அந்த மனைவியின் பண்புநலனைப் பற்றி அக்கா எழுதிய பதிலுக்குப் பத்துக்கு இரண்டு போட்டு, ஓரத்தில் ‘விடைத்திட்டத்தில் இல்லை’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார். தாள்களைத் திருப்பித் தர அவரே வகுப்புக்கு வந்தார்.

அக்கா எழுந்தார். நாவலை இரண்டு கைகளாலும் நீட்டினார். “சார், பொறுமைசாலின்னு எழுதிக்கிறேன், எனக்கு ஒண்ணும் இல்ல. அவ பொறுமையா இருக்குற பக்கத்த மட்டும் காட்டுங்க.”

அவர் வாங்கிப் புரட்டினார். நடுவில் ஓர் இடத்தில் நிறுத்தினார், மறுபடியும் புரட்டினார். ஜன்னலுக்கு வெளியே மோனோரயில் ஒன்று போய், திரும்பி இன்னொன்றும் வந்துவிட்டது. கடைசியில் புத்தகத்தை மூடி, “அதெல்லாம் மொத்தமா வாசிச்சா தெரியும்மா, பக்கத்துல தேடக் கூடாது” என்றார்.

“அப்படிச் சொல்ற ஆள நான் உள்ள விட மாட்டேன் சார்.”

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆலோசகர் என்னைத் தனியே வராந்தாவுக்கு அழைத்து, பரீட்சைக்குத் தயார் செய்வதுதான் என் வேலை, பட்டிமன்றம் நடத்துவது அல்ல என்றார். நான் தலையாட்டினேன். அது மட்டுமா? வகுப்பு முடிந்ததும் அக்காவிடம் போய், “உங்களுக்கு கிரெடிட் வேணும்லா? சோதனையில மட்டும் வழிகாட்டியில உள்ளத எழுதிடுங்க அக்கா. உங்க கருத்த அப்புறம் வச்சுக்கலாம்” என்று சொன்னேன். அவர் மாஜோங் தாளைச் சுருட்டி ரப்பர் வளையம் போட்டுக்கொண்டு படியிறங்கினார். அந்த நாவலில் வந்த கணவனுக்கும் எனக்கும் அந்த நிமிடத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

எஸ்.பி.எம். தேர்வில் அதே மனைவியைப் பற்றித்தான் கேள்வி வந்தது. எதை எழுதினீர்கள் என்று தொலைபேசியில் கேட்டேன். “குமிழிப் படத்துல போட்டதத்தான் டீச்சர்” என்றார். எனக்கு வந்த கோபத்தில், உங்கள் பிடிவாதத்துக்குக் கல்லூரியா இடம் கொடுக்கும் என்று கத்திவிட்டேன். முடிவு வந்தபோது மலாயிலும் தமிழிலும் கிரெடிட். இலக்கியத்தில் டி. தேர்ச்சிதான், கிரெடிட் இல்லை. அந்த ஒரு பதில்தான் காரணமா என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லோரும் தெரிந்ததைப் போலவே பேசினார்கள்.

அடுத்த ஆண்டு சங்கம் என்னை மறுபடியும் அழைத்தது, வழிகாட்டி நூலை ஒட்டியே பாடம் நடக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தேன். அதைச் சொல்வதற்கு எனக்கு ஓராண்டு தேவைப்பட்டிருக்கிறது. அந்த ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கிள்ளானில் என் வீட்டுக் கூடத்தில், இலக்கிய மறுதேர்வுக்காக, நானும் அக்காவும் உட்கார்ந்தோம். எதை எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர் கண்டதை, திருத்துபவர் ஒதுக்கித் தள்ள முடியாதபடி எப்படி எழுதுவது என்பதை மட்டும் பார்த்தோம். ஒவ்வொரு குணத்துக்கும் இரண்டு சம்பவம், ஒவ்வொரு சம்பவத்துக்கும் பக்கம். சான்று இல்லாத இடத்தில் அக்காவின் சொந்தக் குமிழிகளையும் நான் தயங்காமல் அடித்தேன். அதற்கு அவர் சண்டை போட்டார், தோற்றார், சில நாள் நானும் தோற்றேன். இலக்கியம் நடத்துவது என்றால் என்ன என்று அந்தக் கூடத்தில்தான் எனக்குப் பிடிபட்டது.

இப்போதும் அதே கூடத்தில்தான் வகுப்பு. வழிகாட்டி நூலைக் கொண்டுவரும் பிள்ளையை நான் விரட்டுவதில்லை. அதில் உள்ள ஒவ்வொரு குணத்துக்கும் நாவலில் இடத்தைக் காட்டச் சொல்கிறேன், காட்டினால் ஏற்றுக்கொள்கிறேன். இப்படி நடத்தினால் இரண்டு மதிப்பெண் குறையலாம் என்று பெற்றோரிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறேன். சிலர் செராசில் இருக்கும் பெரிய டியூஷன் மையத்துக்குப் பிள்ளையை மாற்றிவிடுகிறார்கள். மாற்றட்டும். ஒரு பெண்ணின் ஓராண்டை வீணாக்கியவள் என்று ஆசிரியர்கள் கூட்டங்களில் இன்றும் என் காதுபடச் சொல்கிறார்கள். முதலில் அது உறுத்தியது. மறுதேர்வு முடிவு வந்த நாளிலிருந்து உறுத்துவதில்லை.

அன்று அக்கா சீருடையோடு, முடிவுத் தாளும் கையுமாக, என் வீட்டு வாசலில் வந்து நின்றார். இலக்கியத்தில் சி. கிரெடிட். இப்போது ஜெஞ்சாரோமில் ஒரு பாலர்பள்ளியில் வேலை செய்கிறாரே, அதற்கு வழி திறந்த தாள் அது. நான் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, சந்தோஷப்படுவதற்குப் பதிலாக அழுதேன். நான் அன்றைக்கே உங்கள் பக்கம் நின்றிருக்க வேண்டும், உங்களுக்கு ஒரு வருடம் வீணாகிவிட்டது அக்கா என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்தார்.

“புருஷன் வீட்டுல இருபத்திரெண்டு வருஷம் எல்லாரும் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டிக்கிட்டு இருந்தேன் டீச்சர். அது வீணாப் போச்சுன்னு ஒருத்தரும் வந்து சொல்லல. ஒரே ஒரு வருஷம் என் பேச்ச நான் கேட்டேன். அதுக்குப் போயி எத்தன பேரு வருத்தப்படுறீங்க!”