அருள் வந்தால் மட்டும் ஓடிய கம்ப்யூட்டர்

போன வாரம் மகளின் லேப்டாப் திணற ஆரம்பித்தது. பிளஸ் ஒன் படிக்கிறாள். ஏதோ ப்ராஜெக்ட், மறுநாள் அனுப்பியாக வேண்டும். அவள் அடிக்கிற எழுத்து யோசித்து யோசித்து ஒவ்வொன்றாகத் திரைக்கு வந்தது. அடியில் கை வைத்துப் பார்த்தேன், சுட்டது. சூடான பிளாஸ்டிக் வாடை மூக்கில் ஏறியதும் என் விரல்கள் என்னைக் கேட்காமலே மூன்று பொத்தான்களைச் சேர்த்து அழுத்தின. டாஸ்க் மேனேஜர் திறந்தது. சிபியு தொண்ணூற்றெட்டு சதவீதம். யார் இவ்வளவு இழுப்பது என்று வரிசைப்படுத்திப் பார்த்தால், அவள் மூடிவிட்டதாக நினைத்த விளையாட்டு ஒன்று பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினேன். எண் மளமளவென்று இறங்கியது.

"அப்பா, உனக்கு எப்டிப்பா இதெல்லாம் தெரியும்?" என்றாள்.

கேள்வி நியாயமானது. உப்பளத்தில் மேற்பார்வை பார்க்கிறவன் நான். செல்போனில் அலாரம் வைப்பதற்கே அவளைக் கூப்பிடுகிறவன். "சும்மா பாத்து கத்துக்கிட்டதுதான்" என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்குக் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுத்தது பொறாமை. வயிறு எரிகிற, சோறு இறங்காத, சுத்தமான பொறாமை.

கல்யாணமான புதிது. என் மனைவி வாணி பாண்டியில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் வடிவமைத்துக்கொண்டிருந்தவள். மரக்காணத்துக்கு வாழ வந்தபோது சீர்வரிசைப் பாத்திரங்களோடு அவளுடைய கம்ப்யூட்டரும் வேனில் வந்து இறங்கியது. தெருவே வேடிக்கை பார்த்தது. ஸ்டுடியோக்காரர் வேலையை வீட்டுக்கே அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை படங்கள் வரும், வாரம் முழுக்க வேலை, அடுத்த ஞாயிறு முடித்த பக்கங்கள் போகும். நல்ல ஏற்பாடுதான். படங்களைக் கொண்டுவந்தவன்தான் சரியில்லை. அதாவது, எனக்குச் சரியில்லை.

அவன் பெயர் அருள். அதே ஸ்டுடியோவில் வாணிக்குப் பக்கத்து நாற்காலியில் ஐந்து வருடம் வேலை செய்தவன். ஈசிஆர் ரோட்டில் பாண்டியிலிருந்து பைக்கில் வருவான். அவ்வளவு தூரம் கடற்காற்றில் வந்தும் தலைமுடி கலைந்திருக்காது. ஹெல்மெட்டைக் கழற்றும்போதே ஒரு சென்ட் வாசனை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். அவன் போன பிறகும் அது போகாது. நான் உப்புப் பாத்தியிலிருந்து வருகிறவன். என்னோடு வீட்டுக்கு வருவது சேறும், குதிகாலில் வெள்ளையாய் உப்புப் படிந்த வெடிப்பும்தான்.

ஊரில் எங்கள் வீட்டுப் பெண்கள் யாரையும் "அண்ணா" போட்டுத்தான் கூப்பிடுவார்கள். பால்காரர் அண்ணா, கேபிள்காரர் அண்ணா. வாணி அவனை "அருள்" என்பாள். அவன் அவளை "வாணி" என்பான். அந்த இரண்டு வெறும் பெயர்களைக் கேட்டுக்கொண்டு நான் சிரித்த முகமாக டீ கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வஞ்சிரம் வறுக்கப்பட்டது. வார நாட்களில் எனக்கு மத்தி.

இந்த நேரத்தில்தான் கம்ப்யூட்டர் படுத்தத் தொடங்கியது. காலையில் நன்றாகக் கிளம்பும். அரை மணி போனால் இழுக்கும். மணப்பெண் முகத்தில் ஒரு புள்ளியை எடுக்க வாணி மவுசை அழுத்திவிட்டு, எழுந்துபோய் அரிசி களைந்து உலையில் போட்டுவிட்டு வருவாள். அப்போதும் புள்ளி அங்கேயே இருக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அருள் வந்து உட்கார்ந்தால் அது பாட்டுக்கு ஓடும். அவன் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றுவான், தூசி ஊதுவான், மாட்டுவான். "நல்லாத்தாங்க இருக்குது" என்பான். அவன் பைக் தெருமுனை திரும்பி, மறுநாள் அவள் உட்கார்ந்தால், பழையபடி.

"அருள் வந்தா மட்டும் ஒழுங்கா ஓடுது பாருங்க" என்றாள் வாணி ஒருநாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. மனுஷிதான் அவன் வந்தால் மலர்கிறாள் என்றால், மிஷினுமா?

இங்கே எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உப்புக் காற்று இரும்பை விட்டுவைக்காது. ஜன்னல் கம்பி பொருக்குப் பொருக்காக உதிரும். சைக்கிள் ரிம்முக்கு எண்ணெய் தடவுவோம். டிவி ரிமோட்டை பாலிதீன் கவரோடுதான் அழுத்துவோம். உப்பளத்திலோ மழைக்கு இருட்டினால் குவித்த உப்பு அம்பாரத்தை மூடுவதுதான் முதல் வேலை. மூடி வைப்பது எங்கள் ரத்தத்தில் ஊறியது. சீர்வரிசையோடு வந்த கம்ப்யூட்டரை நான் சும்மா விடுவேனா? உப்பு அம்பாரத்துக்கு வாங்கிய கெட்டி பாலிதீன் தாளில் ஒரு துண்டு மிச்சமிருந்தது. டப்பாவைச் சுற்றிப் போர்த்தி, முன்னால் பொத்தானுக்கு மட்டும் வழிவிட்டு, பின்னால் ஒயர்களோடு சேர்த்து டேப் ஒட்டியிருந்தேன். பாண்டிக்காரி பயந்துவிட்டாள். "இங்க துருப்புடிக்கும்னு சொன்னாங்க, நீங்க நல்லா கட்டுங்க" என்றாள். ஞாயிறு காலை மட்டும் அதை உருவி மடித்துக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவாள். வருகிறவன் முன்னால் பொட்டலம் கட்டிய கம்ப்யூட்டர் இருந்தால் அசிங்கமாம். அவனுக்காக வீட்டை அழகு பண்ணுகிறாள் என்று அதையும் கணக்கில் எழுதிக்கொண்டேன். அவன் போனதும் நானே திரும்பக் கட்டுவேன், கொஞ்சம் இறுக்கமாகவே.

ஒரு முதலாளி வீட்டுக் கல்யாண ஆல்பம் வந்தது. பெரிய வேலை, மாதக் கடைசிக்குள் முடிய வேண்டும். பத்துப் பக்கம்கூட நகரவில்லை. வாணி மவுசைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"இதுல உக்காந்து ஆவாதுங்க. இந்த ஆல்பம் முடியலன்னா நான் ஸ்டுடியோவுக்கே போயிடறேன். காலைல பஸ்ஸப் புடிச்சா போயிட்டு வந்துடலாம்."

போயிட்டு வந்துடலாம். பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம் எல்லாம் தாண்டி, தினமும், அந்தப் பக்கத்து நாற்காலிக்கு. கூடாது என்றால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்றால் என்னிடம் பதில் இருந்தது, சொல்லக்கூடிய பதில் இல்லை. இந்தக் கம்ப்யூட்டரை நான் சரிபண்ணியாக வேண்டும், அவ்வளவுதான் புரிந்தது.

அதிலிருந்து ஞாயிறுகளில் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார ஆரம்பித்தேன். அருள் டாஸ்க் மேனேஜரைத் திறப்பதைப் பார்த்துவைத்துக்கொண்டேன். வார நாட்களில், உப்பளம் விட்டு வந்து குளித்ததும் வாணி பக்கத்தில் போய் உட்கார்ந்து எண்களையே முறைத்தேன். அவள் படங்களைக் காட்டிப் பேசிக்கொண்டிருப்பாள். "இந்த அத்தைய பாருங்க, ஒரு போட்டோல கூட சிரிக்கல." நான் "ம்" கொட்டிக்கொண்டு எண்ணைப் பார்ப்பேன். அப்படித்தான் ஒருநாள் திருடனைக் கண்டுபிடித்தேன். சிஸ்டம் ஐடில் பிராசஸ் என்று ஒரு பெயர், அதற்கு நேரே தொண்ணூற்றேழு. கம்ப்யூட்டரை முழுசாகத் தின்பவன் இவன்தான். ஞாயிறு வரை யாரிடமும் சொல்லாமல் அடக்கி வைத்திருந்தேன்.

"ஏம்பா அருளு, இவன்தாம்பா எல்லாத்தையும் முழுங்கிட்டிருக்கான். இத மொதல்ல நிறுத்து" என்று விரலை நீட்டினேன்.

அருள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் வெறுக்க வசதியாக இருந்திருக்கும். "அண்ணா, அது புரோகிராமே இல்ல. ப்ராசஸர் வேலை இல்லாம சும்மா இருக்குற நேரம் அது. இப்ப எதையும் ஓட்டல இல்ல, அதான் அவ்ளோ காட்டுது. அது ஜாஸ்தியா இருந்தா நல்லதுதாண்ணா" என்றான். வாணிதான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தினமும் களத்தில் எத்தனை ஆள் வேலையில், எத்தனை ஆள் நிழலில் என்று பார்க்கிற எனக்கு, உட்கார்ந்திருப்பவனைத் திருடன் என்று பிடித்துக்கொடுத்த அவமானம் தாங்கவில்லை. ஆனால் அன்றைக்குத்தான் அந்தக் கணக்கு எனக்குப் பிடிபட்டது.

இரண்டு மூன்று நாள் கழித்து, மாலை வந்து உட்கார்ந்தேன். ஆல்பம் திறந்திருந்தது, வேலை ஓடிக்கொண்டிருந்தது, சிபியு எண் முப்பது நாற்பதைத் தாண்டவில்லை. வெகுநேரமாக அப்படியே இருந்தது. வாணி உற்சாகமாக இருந்தாள். காலையிலிருந்தே நன்றாக ஓடுகிறதாம். இது எப்போது ஒழுங்காக ஓடும் என்று எனக்குத் தெரியும்.

"இன்னிக்கு அருள் வந்தானா?" என்றேன்.

"இன்னிக்கு என்ன ஞாயித்துக்கெழமையா? ஏன்?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடிக்கிற சாக்கில் கழுவப்போட்ட டம்ளர்களைப் பார்த்தேன். மூச்சை இழுத்து சென்ட் வாசனை தேடினேன். கருவாட்டு வாசனைதான் இருந்தது. அப்போது வாணி கொல்லைப்புறக் கொடியிலிருந்து பாலிதீன் தாளை எடுத்துவந்தாள். மேலே பல்லி அசிங்கம் பண்ணியிருந்ததால் காலையில் அலசிக் காயப்போட்டாளாம். "கட்டிடுங்க, காத்து ஒரு மாதிரி இருக்குது" என்றாள். கட்டினேன். உட்கார்ந்தேன். அவள் வேலையைத் தொடர்ந்தாள். கொஞ்ச நேரத்தில் எண் ஐம்பது, அறுபது என்று ஏறியது. உலை வைக்கிற நேரத்துக்குள் நூறு. மவுஸ் நின்றுபோனது.

இரண்டு பேரும் திரையைப் பார்த்தோம். பிறகு டப்பாவைப் பார்த்தோம். நானே தாளை உருவினேன். உள்ளேயிருந்து சூடு முகத்தில் அடித்தது, அந்தப் பிளாஸ்டிக் வாடையோடு. விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்ததும் எண் மெல்ல இறங்கியது. எங்கள் களத்தில் உச்சி வெயிலில் நடப்பதுதான். ஆள் எல்லோரும் வேலையில்தான் இருப்பார்கள், நூற்றுக்கு நூறு. உப்புதான் கரைக்கு வராது. சூடேறியதும் அந்த ப்ராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. குறைந்த வேகத்தில் சின்ன வேலைக்கும் முழுத் தெம்பும் போயிருக்கிறது. இத்தனை நாளும் கட்டிப்போட்டு மூச்சு முட்ட வைத்தது நான்தான்.

வாணி சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "அதுக்கா அருள் வந்தாரான்னு கேட்டீங்க?" நான் தாளை மடிப்பதில் மும்முரமாக இருந்தேன்.

ஆல்பம் நாளுக்கு முன்பே முடிந்தது. வாணி ஸ்டுடியோவுக்குப் போகவில்லை. அருளுக்கு இங்கே வேலை குறைந்தது. வாசலிலேயே கொடுத்து வாங்கிக்கொண்டு போனான். அப்புறம் படங்கள் நெட்டிலேயே வர ஆரம்பித்தன, அவன் வருவதே நின்றது. துபாய் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். நான் ஜெயித்துவிட்டேன். ஜெயித்தவன் செய்வதைச் செய்தேன், மாலையில் நண்பர்களோடு கடைத்தெருவுக்குப் போனேன்.

இப்போது அந்தக் கம்ப்யூட்டர் இல்லை, அந்த ஸ்டுடியோவும் இல்லை. ஆல்பம் எல்லாம் போனிலேயே தானாக உருவாகிவிடுகிறது. வாணி மகளின் பள்ளிக்கூடத்தில் அலுவலக வேலை பார்க்கிறாள். அங்கே இருப்பது புது மிஷின், யாரும் சரிபார்க்க வேண்டியதில்லை.

போன வாரம் மகள் விட்டபாடில்லை. அம்மாவிடம் போய்க் கேட்டிருக்கிறாள். உள்ளே இருந்து வாணியின் குரல் கேட்டது.

"அருள்னு ஒருத்தர் வந்துட்டிருந்தார்மா. அவரு வந்த வரைக்கும் உங்கப்பா எம்பக்கத்துலயே உக்காந்திருப்பாரு. நான் வேலை செய்றத பாத்துக்கிட்டே இருப்பாரு. மிஷின் சரியானதோட அதுவும் சரியாப் போச்சு."

மகள் தூங்கப் போன பிறகு உள்ளே போனேன். வாணி கட்டிலில் சாய்ந்து போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து திரையை எட்டிப் பார்த்தேன். அவள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"என்னாங்க, சார்ஜர் வேணுமா?" என்றாள்.