மாதம்மாள் அக்காவின் கையும் என் வெல்டிங் வெளிச்சமும்

போன வாரம் மாதம்மாள் அக்கா பட்டறைக்குள் வந்தார். வலது கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"எண்ணு தம்பி."

எண்ணினேன். மணிக்கட்டுக்கு மேலே, வெள்ளைத் தோலுக்கு நடுவே, கடுகளவு பழுப்புப் புள்ளிகள்.

"பதினொண்ணுங்க்கா."

"பன்னெண்டு. வெல்டிங் அடிச்சு அடிச்சு கண்ணு போச்சா?"

பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு. நான் வாதாடுகிற ஆள் இல்லை... உங்களுக்குத்தான் தெரியுமே.

இந்தப் பன்னிரண்டு புள்ளிக்குப் பின்னால் என் முட்டாள்தனம் ஒன்று இருக்கிறது.

நல்லம்பள்ளியில் என் பட்டறைக்கு எதிரே அக்காவின் டீக்கடை. இரண்டு வருடத்துக்கு முன்பு வெண்புள்ளி வந்து அவர் கையில் வெள்ளை விழுந்தது. ஒட்டுகிற நோய் இல்லை. வலியும் இல்லை. ஆனால் டீக்கடையில் எல்லோரும் முதலில் பார்ப்பது கையைத்தானே?

"டம்ளரை அங்க வெச்சிருங்கக்கா, எடுத்துக்கறன்" என்றார்கள். பிறகு வடையைப் பேப்பரில் கேட்டார்கள். பிறகு அடுத்த கடைக்கே போய்விட்டார்கள். காலையில் மூன்று முறை பால் காய்ச்சிய கடை, ஒரு முறையோடு நின்றது.

தர்மபுரியில் தோல் டாக்டரம்மா பார்த்துவிட்டுச் சொன்னார் — அல்ட்ரா வயலட் வெளிச்சம் வைக்க வேண்டும். வாரம் இரண்டு நாள். மாதக்கணக்கில்.

கடையை விட்டுவிட்டு அத்தனை நாள் எப்படிப் போவது? அக்கா யோசித்தார். ரோட்டுக்கு இந்தப் பக்கம் பார்த்தார்.

"ஏந்தம்பி, உன் வெல்டிங்ல வர்றதும் அந்த வெளிச்சந்தானே?"

"ஆமாங்க்கா." நான் படித்தது எட்டாவது. ஆனால் முன்பு வேலை பார்த்த கம்பெனிச் சுவரில் அந்தப் பெயரை எழுதியிருந்தார்கள்.

"அது பட்டுத்தானே உன் கை கரிக்கட்டையாட்டம் கெடக்குது?"

"ஆமாங்க்கா."

"அப்ப என் கையிலயும் கொஞ்சம் காட்டு. எதுத்தாப்புலயே வெளிச்சத்த வெச்சிக்கிட்டு தர்மபுரிக்கு எதுக்கு பஸ் ஏறணும்?"

எனக்கும் சரி என்றுதான் பட்டது. எத்தனையோ முறை என் கை சிவந்திருக்கிறது. உரிந்திருக்கிறது. பிறகு கறுத்திருக்கிறது. அக்காவுக்கும் அப்படித்தானே ஆகும்?

இன்னொரு ஷீல்டை எடுத்து அவர் முகத்துக்குக் கொடுத்தேன். கையை ஒரு அடி தள்ளி நீட்டச் சொன்னேன். கேட் வேலை ஒன்று பாதியில் கிடந்தது. இரண்டு வெல்டிங் ராடு எரித்தேன்.

மத்தியானம் வரை ஒன்றும் இல்லை. "என்னா மேஸ்திரி, உன் வெளிச்சத்துல வோல்டேஜ் இல்லியா?" என்று எதிர்ப்பக்கம் இருந்து அக்காவின் கேலி வேறு.

சாயங்காலம் சிவந்தது. மறுநாள் காலையில் கொப்புளம். பாய்லர் பக்கம் கையைக் கொண்டுபோக முடியவில்லை. கடைக்கு ஷட்டர் இறங்கியது. அந்த ஷட்டரும் நான் செய்து கொடுத்ததுதான்.

பைக்கில் நானே கூட்டிப் போனேன். அக்கா நடந்ததைச் சொல்ல, டாக்டரம்மா அவர் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நீங்கதான் அந்த டாக்டருங்களா? எத்தன ராடு டோஸ் குடுத்தீங்க?"

"ரெண்டுங்க."

திட்டினார். திட்டி முடித்த பிறகு விளக்கினார். எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன்.

தோலில் இருக்கிற செல்கள் அடுக்கி வைத்த செங்கல் இல்லையாம். ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ளுமாம் — வாயால் இல்லை, ரசாயனத்தால். இந்த வெளிச்சம் பட்டு மேல் செல்லுக்கு அடி விழுந்தால், அது கீழே இருக்கிற நிறச் செல்லுக்குத் தகவல் அனுப்பும். நிறச் செல் கறுப்புப் பொடியைத் தயார் செய்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடும். ஒவ்வொரு செல்லும் அதைத் தன் உயிர்நாடியான உட்கருவுக்கு மேலே குடை மாதிரி பிடித்துக்கொள்ளும்.

என் கையின் கறுப்பு அழுக்கு இல்லை. குடைகள்!

"இவங்க கையில வெள்ளையா இருக்கற எடத்துல நிறச் செல்லே இல்லீங்க. மேல இருக்கறது கூப்புடுது, கேக்க ஆளில்ல. அங்க போயி ரெண்டு ராடு எரிச்சிருக்கீங்க. அடிபட்ட செல்லுங்க பக்கத்துல இருக்கறதுக்கெல்லாம் ஆபத்துன்னு சொல்லும். அதக் கேட்டு ரத்தம் ஓடிவரும். அதுக்குக் கொஞ்ச நேரம் ஆகும். அதான் சாயங்காலம் செவந்துச்சு."

"அப்ப உங்க மெஷினு மட்டும்?"

"நாங்க அளந்து குடுப்பம். முடி வேருக்குள்ள கொஞ்சம் நிறச் செல்லு ஒளிஞ்சிருக்கும். மெதுவா கூப்புட்டா வெளிய வரும். மெரட்டுனா வருமா?"

புண் ஆறிய பிறகு, செவ்வாயும் வெள்ளியும் அக்கா பஸ் ஏறினார். அந்த நாட்களில் அவர் வீட்டுக்காரர் டீ போட்டார். வாயில் வைக்க முடியாது. ஒரு நாள் விடாமல் குடித்தேன் — எனக்கு நானே கொடுத்துக்கொண்ட தண்டனை.

ஐந்து மாதம் ஆயிற்று. பன்னிரண்டு புள்ளி. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பூனை முடி.

"எல்லாம் மூடிருமாங்க்கா?"

"மூடுனாலும் மூடும், இல்லாட்டியும் இல்லன்னு டாக்டரம்மா சொல்லுச்சு. பால் இப்ப ரெண்டு வாட்டி காய்ச்சறன். வா, டீ குடி."

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளை விழுந்த புதிதில் டம்ளரை டேபிளில் வைக்கச் சொன்னவர்களில் நானும் ஒருவன். "வேலை நடக்குதுங்க்கா, அங்க வெச்சிருங்க" என்றேன். ஒரு வேலையும் நடக்கவில்லை. அது அக்காவுக்குத் தெரியும். இன்றுவரை கேட்டதில்லை.

கண்ணுக்குத் தெரியாத செல், பக்கத்துச் செல்லுக்குக் குடை அனுப்புகிறது. எதிர்க்கடைக்காரன் நான் என்ன அனுப்பினேன்? இரண்டு ராடு வெளிச்சம்.

அக்காவின் கடைக்குப் போனேன். டீ வந்தது. பழக்கத்தில் அக்கா அதை டேபிளில் வைக்கப் போனார். கையை நீட்டி வாங்கினேன்.

டம்ளர் நல்ல சூடு. கீழே வைக்கவில்லை.